எல்லைக் குறிகள்: தமிழ் மின்பக்கங்களில் குறிமொழிப் பிழைநோக்கத்தின் வரலாறு

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்றாகிய சயானுக்கு மொழிதோறும் ஒரு பெயர் உண்டு. மராத்தியில் அது 'ஶீவ்' எனப்படும். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் இடத்தில் அவ்வூர் அமைந்திருந்தமையே பெயர்க்காரணம் என்பர். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், எல்லைக் காவலுக்கென எழுப்பப்பட்ட சிறு கோட்டை ஆங்குள்ள குன்றின்மேல் இன்றும் சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. ஆங்கிலேயர் அப்பெயரைத் தம் நாவுக்கு ஏற்பத் திரித்தனர். தமிழர் அத்திரிபினையே 'சயான்' என ஏற்றனர். தமிழிலும் சயன், சியான், ஸயான் என எழுத்து வேறுபாடுகள் பயில்கின்றன.

1932இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960இல் சயானில் ஒரு கலை, அறிவியல் கல்லூரியை நிறுவியது. அத்தகைய நிறுவனம் ஒன்றின் முகவரியை ஒரே மின்பக்கத்தில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் எழுத நேரின், எம்மொழி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதைக் கணிப்பொறிக்கு உணர்த்த வேண்டும். அதனை உணர்த்துவன குறிச்சொற்கள். அவற்றால் ஆகிய குறிமொழி பிழையற உள்ளதா எனச் சோதிக்கும் பணி, பார்வைக்கு இயந்திரத் தன்மையதாகத் தோன்றினும், தமிழ்ப் பனுவல்கள் பிழைத்திருத்தலோடு நேரடித் தொடர்புடையது. அதன் வரலாறு இங்கு ஆராயப்பெறுகின்றது.

ஓலையும் மெய்ப்பும்

எழுத்தின் எல்லையைக் குறியால் காட்டும் சிக்கல் தமிழுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒரே வடிவில் எழுதப்பெற்றன. ரகரமும் காலும் வேறுபாடின்றி நின்றன. எனவே ஒரு சொல்லைப் படிப்போர் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நிலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரக் கொம்புகளை வேறுபடுத்தியதும், அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றதும் இக்குறையை நீக்கின. சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதி, சுவடி சொல்லாது விட்ட இவ்வெல்லைகளைத் தாமே உய்த்துணர்ந்து இடுவதிலேயே கழிந்தது.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் தாளின் ஓரத்தில் இட்ட குறிகள் மற்றொரு முன்னோடி. இவ்வெழுத்தை நீக்குக, இவ்வரியைத் தடித்த எழுத்தில் இடுக, இங்குப் புதுப்பத்தி தொடங்குக என்னும் ஏவல்கள் அவை. அவை படிப்பவருக்காக எழுதப்பட்டவை அல்ல, அச்சுக்கோப்பவருக்காக எழுதப்பட்டவை. கணிப்பொறிக் குறிமொழி என்பது இவ்வோரக் குறிகள் பனுவலுக்குள்ளேயே குடிபுகுந்த நிலையாகும். ஓரத்தில் இருந்தவரை குறியில் பிழை நேர்ந்தால் அச்சுக்கோப்பவர் தம் அறிவால் திருத்திக்கொண்டார். உள்ளே புகுந்தபின் அப்பிழையைக் காண்பார் யார் என்னும் வினா எழுந்தது.

இலக்கணமும் அதன் காவலரும்

குறிமொழிக்கு இலக்கணம் வகுத்த முதற் பன்னாட்டுத் தரம் 1986இல் வெளிவந்த எஸ்.ஜி.எம்.எல். ஆகும். எந்தக் குறிச்சொல்லுக்குள் எது வரலாம், எது வரலாகாது, எது கட்டாயம் மூடப்பட வேண்டும் என்பவற்றை ஓர் ஆவண வகை வரையறை முன்கூட்டியே விதிக்கும். செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய எச்.டி.எம்.எல். அத்தரத்தின் சாயலில் பிறந்தது. 1995 நவம்பரில் அதன் 2.0 பதிப்பு முறையான இலக்கணம் பெற்றது.

ஆனால் உலாவிகள் அவ்விலக்கணத்தைப் பொருட்படுத்தவில்லை. மூடாத குறிச்சொல்லைத் தாமே மூடிக்கொண்டன. அறியாத குறிச்சொல்லைப் பேசாமல் விழுங்கின. எழுதியவர் திரையில் சரியாகத் தெரிவதைக் கண்டு நிறைவுற்றார். வேறோர் உலாவியில் அதே பக்கம் குலைந்து நின்றது. இந்நிலையிற்றான் பிழைநோக்கும் கருவிகள் தோன்றின. நீல் பவர்ஸ் 1994இல் எழுதிய வெப்லிண்ட், பெல் ஆய்வகத்தில் சி மொழிக்கென ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லிண்ட் என்னும் நிரலின் பெயரைத் தழுவியது. துணியில் ஒட்டிய பஞ்சிழைகளைப் பொறுக்குவது என்பது அப்பெயரின் உட்கருத்து. ஜெரால்டு ஆஸ்கபாய்னி உருவாக்கிய சரிபார்ப்பான் வேறு வகையினது. அது பக்கத்தை இலக்கணத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறியது. 1997இன் இறுதியில் அதுவே உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சரிபார்ப்புப் பணியாக ஏற்கப்பெற்றது. டேவ் ராகெட் எழுதிய டைடி, கண்ட பிழையைத் தானே திருத்தவும் முற்பட்டது. முதலாவது அறிவுரை கூறும் நண்பர், இரண்டாவது நடுவர், மூன்றாவது வீட்டு வேலைக்காரர் எனலாம்.

காணாமற்போன ஈகாரம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15இல், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டின் அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் மின்பக்கத்தில் ஏறின. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பக்கங்கள் பெருகின. அவற்றில் நேர்ந்த குறிமொழிப் பிழைகள் பிறமொழிப் பக்கங்களில் இல்லாத தனித்தன்மை வாய்ந்தவை.

அக்காலத்தில் தமிழுக்கெனப் பொதுவான எழுத்துக் குறியேற்றம் நடைமுறையில் இல்லை. யூனிகோடு 1991 முதல் ஏட்டில் இருந்தது. பயன்படுத்தும் வசதி கணிப்பொறிகளில் இல்லை. ஆகவே எழுத்துரு செய்வோர் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு இவ்வகையினது. அதில் ஈகாரம் அமர்ந்த இடம் 60ஆம் எண். அவ்வெண் ஆங்கிலத்தில் இடக்கோண அடைப்புக்கு உரியது. குறிமொழியிலோ, குறிச்சொல் தொடங்குகின்றது என்பதன் அறிகுறி அதுவே.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. 'ஈழம்' என்று தட்டச்சு செய்தவரின் திரையில் அச்சொல் நன்கு தெரிந்தது. அதனை அப்படியே மின்பக்கத்தில் ஒட்டியபோது, உலாவி அங்கு ஒரு குறிச்சொல் தொடங்கியதாகக் கொண்டது. குறிச்சொல்லை மூடும் வலக்கோண அடைப்பு 62ஆம் எண். பாமினியில் அவ்விடம் காற்புள்ளிக்கு உரியது. ஆகவே ஈகாரம் முதல் அடுத்த காற்புள்ளிவரை உள்ள அனைத்தும் அறியாத குறிச்சொல் எனக் கருதப்பட்டு மறைந்தது. காற்புள்ளி அரிதாக இடும் நடையினர் எழுதிய பத்தியாயின் சில வரிகள் சேர்ந்தே போயின. ஈரம், ஈகை, ஈசன் என ஈகாரம் முதலாகிய சொல் எதற்கும் இந்நிலையே. பெரும்பாலான பக்கங்களில் தற்செயலாய் நேர்ந்த இம்மறைவு, ஈழத்தைப் பற்றியே எழுதப்பட்ட பக்கங்களில் அச்சொல்லையே முதற்பலியாகக் கொண்டது வரலாற்றின் கொடிய விளையாட்டு என்றே சொல்லவேண்டும்.

இடக்கோண அடைப்பை நேரே எழுதாது, அதற்கென வகுக்கப்பட்ட மாற்றுருவால் எழுதுக என்பது குறிமொழியின் தொடக்கப் பாடம். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு அப்பாடம் அரிதாகவே தேவைப்பட்டது. கணித நூல் எழுதுவோர் அன்றி அக்குறியை எவர் நாடுவர்? தமிழில் எழுதுவோர்க்கோ அது அரிச்சுவடியின் நான்காம் எழுத்து. பிழைநோக்கும் கருவி இதனைக் கண்டது. கண்டு, இன்ன வரியில் அறியாத குறிச்சொல் உளது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அச்செய்தியைப் பெற்றவர், தாம் எக்குறிச்சொல்லையும் எழுதவில்லையே எனத் திகைப்பதற்கே இடமிருந்தது.

பிழையற்ற பொய்

பாமினி வகையினும் நுட்பமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. எழுத்துருவின் பெயரைக் குறிச்சொல்லில் கொடுத்து, அதனுள் ஆங்கில எழுத்துகளின் கோவையை எழுதுவதே அன்றைய தமிழ்ப் பக்கங்களின் பொதுமுறை. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. வாசகர் அதனைத் தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்பக்கம் ஒன்றைச் சரிபார்ப்பானிடம் கொடுத்தால், குறிச்சொற்கள் முறையாக இருப்பின், பிழை இல்லை என்றே விடை வரும். ஏனெனில் பொறியின் நோக்கில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளால் ஆன, இலக்கணம் வழுவாத பக்கம். தமிழ் என்பது அங்கு இல்லவே இல்லை. எழுத்துருவின் தோற்றத்தில் மட்டுமே அது இருந்தது.

1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 எழுத்துருக் குறிச்சொல்லை விலக்கத்தக்கது என அறிவித்து, கண்டிப்பான வகையில் அதற்கு இடமே அளிக்கவில்லை. தமிழ்ப் பக்கங்கள் முழுதும் அக்குறிச்சொல்லை ஊன்றி நின்ற காலம் அது. பலர் அதனை நீக்கி, நடைதாள் வழியாக அதே எழுத்துருவைச் சுட்டினர். சரிபார்ப்பான் நிறைவுற்றது, பொய் அவ்வாறே நீடித்தது. குறிமொழியின் வடிவத்தை மட்டும் நோக்கும் சோதனைக்கு இயல்பான வரம்பு இது. தமிழ்ப் பக்கங்களின் தலையாய பிழை மூடாத குறிச்சொல் அன்று. பொய்யான அறிவிப்பே ஆகும்.

திஸ்கி என்னும் குறியேற்றம் இதற்கு ஓரளவு விடையாக அமைந்தது. ஆங்கிலத்தை அதற்குரிய முதல் 128 இடங்களில் விட்டுவிட்டு, மேற்பாதியில் தமிழை அமர்த்தியமையால் ஈகாரம் குறிச்சொல்லோடு மோதும் நிலை நீங்கியது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளை மயிலை எழுத்துருவிலும் பின்னர்த் திஸ்கியிலும் வெளியிட்டது. இதற்கிடையே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியேற்றங்களை ஏற்றது.

எனினும் பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயரை அறிவிக்கும் இடத்தில் என்ன எழுதுவது? திஸ்கி பன்னாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றது 2007இலேதான். அதுவரை 'பயனர் வரையறுத்தது' என்னும் பொருள்படும் பொதுப்பெயரே இடப்பட்டது. அதனைக் கண்ட சரிபார்ப்பான் அப்பெயரை ஏற்காது சோதனையைத் தொடங்குமுன்னரே கைவிரித்தது. அதனைத் தவிர்க்க இலத்தீன் 1 என்று அறிவித்தவர்க்கு வேறு தண்டனை காத்திருந்தது. 128 முதல் 159 வரையிலான எண்கள் இலத்தீன் 1இல் எழுத்துகளுக்கு உரியன அல்ல. திஸ்கியில் அவ்விடங்களில் கிரந்த எழுத்துகள் உள்ளிட்ட சில அமர்ந்திருந்தன. ஆகவே 'அரசன்' என எழுதிய வரி தடையின்றிச் சென்றது. 'ராஜா' என எழுதிய வரி இது எழுத்தே அன்று என மறுக்கப்பட்டது. தனித்தமிழ் இயக்கத்தார்க்கு மகிழ்வூட்டியிருக்கக்கூடிய இத்தீர்ப்புக்குப் பின்னால் எவ்விதக் கொள்கையும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதன் பின்விளைவு இன்றும் தொடர்கின்றது. 'பயனர் வரையறுத்தது' என்னும் அறிவிப்பைப் பக்கத்தின் தலைப்பகுதியில் கண்டால், மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய விண்டோஸ் 1252 குறியேற்றமாகக் கொள்க என்பது இன்றைய எச்.டி.எம்.எல். தரத்தின் விதி. திஸ்கி எழுத்துரு இல்லாத கைபேசியில் அத்தகைய பழைய பக்கத்தைத் திறந்தால் 'தமிழ்' என்னும் சொல்லே முக்கால் என்னும் பின்னக் குறியில் தொடங்கி, ஐரோப்பிய உயிரெழுத்துகளின் குவியலாகத் தோன்றும். தேடுபொறிக்கு அது தமிழாகவே படாது. மதுரைத் திட்டத்தார் தம் பனுவல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியமையால் அவை பிழைத்தன. கவனிப்பாரின்றி விடப்பட்ட தனியார் பக்கங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

மும்பையிலிருந்து வந்த வடிவம்

யூனிகோடு ஏட்டிலிருந்து திரைக்கு வந்ததில் மும்பைக்குப் பங்குண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு மையத்திலும், தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திலும் பணியாற்றிய எழுத்துக்கலைஞர் ஆர்.கே. ஜோஷியின் இயக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கென இந்திய எழுத்துருக்கள் பல உருவாயின. விண்டோஸ் 2000உடன் வந்த தமிழ் எழுத்துருவாகிய லதா அவற்றுள் ஒன்று. எழுத்துருவை வாசகர் தனியே நிறுவவேண்டிய தேவை அதனால் குறைந்தது. குறியேற்றத்தை உண்மையாக அறிவிக்கவும் வழி பிறந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை முறையாக ஏற்றது.

மாற்றத்தின்போது புதிய பிழைகள் தோன்றின. பழைய குறியேற்றங்கள் எழுதும் வரிசையைப் பின்பற்றின: 'கெ' என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னர். இம்மாற்றத்தை நிரல் செய்துவிடும். ஆனால் பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்க எண்ணியவர், கொம்பை மட்டும் குறிச்சொல்லுக்குள் அடைத்து, ககரத்தை வெளியே விட்டிருந்தால்? இடையில் நிற்கும் குறிச்சொல் எல்லைச் சுவராகி, இரண்டும் சேர இயலாது போகும். கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு தனித்து நிற்கும். ஓலையில் வேண்டிய புள்ளி இல்லாதிருந்தது. இங்கு வேண்டாத புள்ளிகள் வட்டமாக வந்து சேர்ந்தன. குறிச்சொல் இரண்டும் முறையாக மூடப்பட்டிருப்பதால் சரிபார்ப்பான் இதனைப் பிழை எனக் கூறாது.

கண்ணுக்கு ஒன்றாகவும் பொறிக்கு வேறாகவும் நிற்பவை அதனினும் தொல்லை தருபவை. 'ஔவை' என்னும் பெயரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்தால் தோற்றத்தில் வேறுபாடு அரிது. தேடலில் அப்பெயர் அகப்படாது. கௌரியும் அவ்வாறே. எகரத்துக்குப் பதில் ஏழு என்னும் தமிழ் எண்ணும், ககரத்துக்குப் பதில் ஒன்று என்னும் எண்ணும் புகுந்த இடங்கள் உண்டு. 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்தாகக் கொள்ளத்தக்க 'ஶ' 2005இலேயே யூனிகோடில் சேர்ந்தமையால், அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டவை ஒத்துப்போவதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் இடையிலான ஓலைக்காலத்து மயக்கமும் மீண்டது. இவற்றை நோக்கத் தமிழறிந்த மெய்ப்புத் திருத்துநர் தேவை. மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் தட்டெழுதியவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்களை முகப்பில் தாங்கி வருவது இத்தேவையை அவர்கள் உணர்ந்திருந்தமைக்குச் சான்று.

மொழியின் பெயரும் கேட்கும் வாசகரும்

1997க்குப் பின் குறிமொழி, ஒரு பகுதி எம்மொழியினது என அறிவிக்கவும் இடமளித்தது. தமிழுக்கு இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. மராத்திக்கும் இந்திக்கும் தனித்தனியே உண்டு. இவ்வறிவிப்பு அலங்காரம் அன்று. சயானின் மராத்திப் பெயரில் முதலாவதாக நிற்கும் தேவநாகரி எழுத்து, மராத்தியர் எழுதும் வடிவில் இந்தியார் வடிவினின்று வேறுபடும். இரு வடிவும் அமைந்த எழுத்துருவானால், மொழி அறிவிப்பைக் கொண்டே உரியதைத் தெரிந்து காட்டும். தேவநாகரி அனைத்தும் இந்தியே என அறிவித்த பக்கத்தில் ஊர்ப்பெயர் அயல் வடிவில் தோன்றும்.

பார்வையற்றோர்க்கு இது வடிவச் சிக்கல் அளவில் நிற்பதில்லை. திரைப்படிப்பான் என்னும் மென்பொருள் பக்கத்தை ஒலியாக்குகையில் எக்குரலில் படிப்பது என்பதை இவ்வறிவிப்பால் அறிகின்றது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலம் என அறிவிக்கப்பட்டிருப்பின், ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கும். அல்லது அடியோடு விட்டுவிடும். ஆங்கிலத்தில் உருவான பக்க அச்சை எடுத்து அதில் தமிழை நிரப்புவோர் தலைப்பகுதியில் உள்ள மொழிப்பெயரை மாற்ற மறப்பது இயல்பு. கண்ணுடையவர் இதனை ஒருநாளும் அறியார். சரிபார்ப்பானும் பழைய நாளில் அறிந்ததில்லை: ஆங்கிலம் என்பதும் இலக்கணப்படி செல்லும் விடையே.

அணுக்கம் பற்றிய பன்னாட்டு நெறிமுறைகள் 1999இல் முதற்பதிப்பும் 2008இல் இரண்டாம் பதிப்பும் பெற்றன. இரண்டாம் பதிப்பு, பக்கத்தின் மொழி அறிவிக்கப்பெறுதலை அடிப்படைக் கட்டாயமாகவும், இடையில் வரும் பிறமொழிப் பகுதிகள் அறிவிக்கப்பெறுதலை அடுத்த நிலையிலும் வைத்தது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் இவற்றைத் தழுவி வெளிவந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்குச் சட்டவலிமை சேர்த்தது.

இதற்கிடையில் குறிமொழிப் பிழை என்னும் கருத்தே மாறிற்று. 2014இல் தரமான எச்.டி.எம்.எல். 5, பிழையுள்ள பக்கத்தை எல்லா உலாவிகளும் ஒரே முறையில் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதையும் விதியாக்கியது. மூடாத குறிச்சொல்லால் நேரும் தீங்கு அதனால் பெரிதும் தணிந்தது. 2023 அக்டோபரில் வெளிவந்த நெறிமுறைகளின் 2.2 பதிப்பு, குறிமொழி பிழையின்றிப் பகுக்கப்படல் வேண்டும் என்ற பழைய விதியையே நீக்கிவிட்டது. மொழியை அறிவிக்கவேண்டும் என்னும் விதி நீக்கப்படவில்லை. உலகின் பெரிய தளங்களின் முகப்புப் பக்கம் பத்து இலட்சத்தை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பு, 2024இல் அவற்றுள் ஏறத்தாழ ஆறில் ஒன்றில் மொழி அறிவிப்பே இல்லை எனக் கண்டது. அறிவித்தும் தவறாக அறிவித்தவை அக்கணக்கில் சேரா. அவற்றைப் பக்கத்தின் மொழி அறிந்த ஒருவர் திறந்து பார்த்தோ, திரைப்படிப்பானின் குரலைக் கேட்டோதான் கண்டறிய இயலும்.